பாதி சீசன் ஆடியவன்

மகளே, தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு நீங்கள் ரெண்டு பேரும் போட்ட சண்டையைப் பற்றித்தான் எழுதுகிறேன். தம்பி பள்ளிக்கூடத்தில் பேஸ்பால் சேர்ந்ததிலிருந்து, அமெரிக்காவில் ஆடுகிறவர்கள் எல்லாம் நம் வீட்டுச் சோற்றுச் சட்டியைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சீசன் முடிந்ததும் அங்கே ஓட்டுப் போட்டு, இந்த வருஷம் பந்து எறிந்ததில் யார் பெரியவன், அடித்ததில் யார் பெரியவன் என்று ஆளுக்கொரு பரிசு கொடுப்பார்களாம். பாதியிலேயே தோள்பட்டை விட்டுப்போய் உட்கார்ந்துவிட்ட ஒருவனுக்குத்தான் கொடுக்கணும், ஆடின வரைக்கும் அவனை எதிர்க்க ஆளே இல்லை என்று தம்பி சொன்னான். அப்போ வருஷம் பூராவும் ஆடினவன் இளிச்சவாயனா என்று மகளே நீ கேட்டாய். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"அப்பா, நீங்க சொல்லுங்க. பாதி சீசன் ஆடுனவனுக்குக் குடுக்கலாமா, கூடாதா?"

நான் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். சோறு அப்படியே இருந்தது. அப்பாவுக்கு என்னமோ கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. அந்தக் கேள்வியை ஒருமுறை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், லோடு வண்டி ஓட்டுகிறவன். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். இருந்தாலும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலம். திருச்சுழி போகிற வழியில் இருக்கிற கண்மாயில் ஞாயிற்றுக்கிழமைதோறும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கும். சுற்று வட்டாரத்து ஊர்களும் அருப்புக்கோட்டை டவுனுத் தெருக்களும் அணி சேர்த்து ஆடும். எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று யாரும் தேதி வைப்பதில்லை. கண்மாய் வற்றினால் சீசன் ஆரம்பம், தண்ணீர் வந்தால் முடிவு. மழை ஏமாற்றின வருஷங்களில் தை மாசம் தாண்டியும் ஆடியிருக்கிறார்கள். எனக்கு முழங்கால் போய்விட்டதால் ஆட முடியாது. அதனால் அம்பயராக நிறுத்தினார்கள்.

அந்தக் கண்மாய்க்கென்று ஒரு சட்டம் உண்டு. கரிசல் மண் காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடித்துவிடும். உருண்டு போகிற பந்து அதற்குள் விழுந்தால் எடுக்க நேரமாகும். அதற்குள் அடித்தவர்கள் ஓடி ஓடியே ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஆகையால் பந்து வெடிப்பில் விழுந்தால், பக்கத்தில் நிற்கிற ஆள் அந்த இடத்தில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கணும். தூக்கிவிட்டால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ரன், அதற்கு மேல் கிடையாது. கை தூக்க யாரும் போகவில்லை என்றால் ஓடுகிற வரைக்கும் ரன்.

சீசன் முடிவில் ஒரே ஒரு கப்பு. அணிக்குக் கிடையாது, ஒரு ஆளுக்கு. அந்த வருஷம் எல்லாரையும்விட நன்றாக ஆடினவனுக்கு. கப்பை வாங்கித் தருகிறவர் ஒரு செங்கல் சூளைக்காரர். ஸ்கோர் எழுதுகிறவர் காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர். மூன்றாவது ஆள் நான். கடைசி ஆட்டம் முடிந்ததும் மூவரும் மடைப் பக்கம் உட்கார்ந்து பேசுவோம். மூன்று பேர் கையும் கப்பு மேல் விழுந்தால்தான் முடிவு. ஒரு கை விலகினாலும் மறுபடி முதலிலிருந்து பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்கவே கரையில் கூட்டம் நிற்கும். அத்தனை கேலி, அத்தனை வசவு.

அந்த வருஷம் போட்டி ரெண்டே பேருக்குள்தான் என்று முதல் மாசமே தெரிந்துவிட்டது. ஒருவன் கண்மாய்க்காரப் பையன், கரையை ஒட்டின ஊர், வேகமாகப் பந்து போடுகிறவன். அவன் அப்பா அந்தக் கரையிலேயே ஆடு மேய்க்கிறவர். இன்னொருவன் டவுனு நெசவுத் தெருவைச் சேர்ந்தவன், இடதுகையால் அடிக்கிறவன். அவர்கள் வீட்டில் தெலுங்கு. அவுட் ஆனால் மட்டையைத் தெலுங்கில் திட்டிக்கொண்டே போவான். ரெண்டு பேரும் பந்தல்குடி தாண்டி ஒரே மில்லில் வேலை, ஒரே தூக்குச்சட்டியில் சாப்பாடு, உயிருக்கு உயிரான சிநேகிதம். கண்மாய்க்குள் இறங்கிவிட்டால் மட்டும் எதிரெதிர் அணி.

சீசன் பாதியில் இந்த ரெண்டு அணிக்கும் ஆட்டம் வந்தது. வேகப்பந்துக்காரனுக்கு முந்தின இரவு வேலை முடிந்து அன்று காலையில்தான் விட்டார்கள். தூங்கிவிட்டு வரலாம் என்று மில்லிலேயே படுக்கப் பார்த்திருக்கிறான். இடதுகைக்காரன் போன் போட்டு, "ஏலே, வாரியா? இல்ல, என் பேட்டப் பாத்துப் பயந்துட்டியா?" என்று கேட்டிருக்கிறான். சிநேகிதர்கள் பேசுகிற பேச்சுதான். அவன் உடனே வண்டியை எடுத்துவிட்டான். பந்தல்குடிக்குப் பக்கத்தில் ரோட்டோரம் நின்றிருந்த லாரியில் போய்ச் செருகிவிட்டான். பிரேக் பிடித்த தடமே இல்லை, தூங்கித்தான் இருப்பான் என்றார்கள். நாங்கள் ஸ்டம்பு நட்டு, டாஸ் போட அவனுக்காகத்தான் காத்திருந்தோம்.

அந்தப் போன் பேச்சு யாருக்கும் தெரிந்திருக்காது. சாவு வீட்டில் இடதுகைக்காரனே செத்தவனுடைய அப்பா காலைப் பிடித்துக்கொண்டு சொன்னான். கேட்ட யாரும் அவனை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் விட்டதுதான் அவனுக்குள் புகுந்துகொண்டது என்று நினைக்கிறேன்.

ஒரு மாசம் கழித்து மறுபடி ஆட்டம் தொடங்கியது. கண்மாய்க்காரர்கள் அவனுக்குப் பதில் வேறு ஆளை எடுக்கவில்லை. பத்துப் பேரோடு இறங்கினார்கள். பந்து போடாத நேரத்தில் செத்தவன் கலுங்குப் பக்கம், கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற கல்கட்டுக்கு முன்னால், நிற்பான். அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டார்கள். யாரும் சொல்லிச் செய்தது இல்லை. மரியாதை என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்பயர் ஒவ்வொரு ஓவருக்கும் முன்னால் ஆட்களை எண்ணணும். நான் விரலால் சுற்றிக் காட்டி எண்ணுவேன். அந்த அணி நிற்கும்போது எண்ணினால் எனக்குப் பதினொன்று வரும். மறுபடி எண்ணுவேன், பத்து வரும். வெயிலில் கண் கூசுகிறது என்று தொப்பி வாங்கிப் போட்டேன். அப்புறமும் சில நாள் பதினொன்று வந்தது. இதை உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

எல்லா அணியும் அந்தக் காலி இடத்தில் தட்டித் தட்டி ரன் எடுத்தது. இடதுகைக்காரன் மட்டும் அந்தப் பக்கம் அடிக்கவே மாட்டான். அவனுக்கு வாகான பக்கமே அதுதான். இருந்தும் உடம்பைத் திருப்பிக்கொண்டு மற்ற பக்கமெல்லாம் அடிப்பான். அப்படி அடித்தே அந்த சீசனில் அவன்தான் எல்லாருக்கும் மேலே இருந்தான். ஆட்டம் முடிந்தால் யாரோடும் பேசாமல் வண்டியில் போய் உட்கார்ந்துகொள்வான். கரையில் ஆடுகளோடு நிற்கிற அவன் சிநேகிதனுடைய அப்பாவை ஏறிட்டும் பார்க்க மாட்டான். அந்த அப்பா ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை.

ஐப்பசியில் மேகம் இறங்கியது. நரிக்குடிப் பக்கம் நல்ல மழை, வரத்துக் கால்வாயில் தண்ணீர் கிளம்பிவிட்டது என்று போன் வந்தது. அன்றைக்கு ஆடினதுதான் கடைசி ஆட்டம். அதுவும் அதே ரெண்டு அணிகள். கடைசிப் பந்து. ஜெயிக்க ரெண்டு ரன். அடிக்க நிற்பவன் இடதுகைக்காரன்.

பந்து காலடிக்கு வந்தது. அவன் மறந்துவிட்டானோ, கை பழக்கத்தில் தானாகப் போனதோ, நேராகக் கலுங்குப் பக்கம் தட்டிவிட்டான். பந்து அந்தக் காலி இடத்தின் வழியாக உருண்டு போய், எல்லைக்கு முன்னால் ஒரு வெடிப்பில் விழுந்து மறைந்தது. கை தூக்க அங்கே ஆள் இல்லை. மற்ற பத்துப் பேரும் போகவில்லை, நின்ற இடத்தில் நின்றார்கள். எதிரே நின்ற ஜோடிப் பையன் ஓடிவந்து, "ஓடுறா! ஓடுறா டேய்!" என்று கத்துகிறான். நடந்தே போயிருந்தாலும் ரெண்டு ரன் எடுத்திருக்கலாம். இவன் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு அந்த இடத்தையே பார்த்தபடி நின்றான். யாரோ வந்து கை தூக்குவதற்காகக் காத்திருக்கிற மாதிரி. நானும் பார்த்தேன். கரையில் ஆடுகளின் சத்தம்தான் கேட்டது. கடைசியில் ஜோடிப் பையன் பாதி வழியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். நான் ஸ்டம்பைப் பிடுங்கினேன். நெசவுத் தெரு ஒரு ரன்னில் தோற்றது.

மடைப் பக்கம் மூவரும் உட்கார்ந்தோம். அந்த வருஷம் கூட்டமில்லை. இடதுகைக்காரன் மட்டும் கொஞ்சம் தள்ளிக் கரை மேல் வண்டியில் உட்கார்ந்திருந்தான். போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

"இதுல பேச என்ன இருக்கு? கப்பு அந்தப் புள்ளைக்குத்தான்," என்றார் சூளைக்காரர். "படத்துக்கு முன்னால வச்சு, மாலையப் போட்டு, மைக் செட்டக் கட்டிக் குடுப்போம்."

"அண்ணாச்சி, அவன் ஆடுனது பாதி சீசன்," என்றார் கண்டக்டர். "முழுசா ஆடுனவன் அந்தா உக்காந்திருக்கான்."

"எதுய்யா ஆட்டம்? இப்பப் பாக்கலியா, மரமாட்டம் நின்னத? ஜெயிச்ச ஆட்டத்தத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறவனுக்குக் கப்பா?"

"இன்னைக்கு அவனுக்கு இல்லைன்னு சொல்லிப் பாருங்க. ஊரே சேந்து, நீதான்டா கொன்னன்னு சொன்னதா எடுத்துக்கிருவான். அப்பறம் அவன் இந்த ரோட்டுப் பக்கமே வர மாட்டான். வேற ஏதாவது ஒண்ணு பண்ணிக்கிட்டான்னா?"

"அதுக்காகப் பாவம் பாத்துக் குடுக்கச் சொல்லுறியா?"

"நீங்க மட்டும் என்ன பாத்துக் குடுக்குறீக? அதுவும் பாவந்தான?"

சூளைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கப்பின் மேல் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை. ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கை மடியிலேயே கிடந்தது. பாதி சீசன் ஆடினவனுக்குக் கொடுக்கலாமா என்று கண்டக்டர் என்னிடம் கேட்டது அப்போதுதான். எந்தப் பக்கம் வைத்தாலும் ஒருத்தனைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஒருவன் செத்தவன். இன்னொருவன் வண்டி மேல் உட்கார்ந்திருந்தாலும் உயிரோடு இருப்பதாகத் தெரியவில்லை.

அப்போது மடைக்கு மேலேயிருந்து குரல் வந்தது. "என் மகனப் பத்தித்தான பேசுறீக?"

ஆட்டுக்காரர் இறங்கி வந்தார். தோளில் கம்பு, அதில் ரெண்டு கையையும் தொங்கப் போட்டிருந்தார். நாங்கள் எழுந்தோம்.

"உக்காருங்க, உக்காருங்க. ஒரு வெசயம் கேட்டுட்டுப் போறேன். வருசா வருசம் நீங்க பேசுறத நான் மேல நின்னு கேப்பேன்ல. போன வருசம் என் மகன என்ன சொன்ன நீ?" என்று கண்டக்டரைக் கேட்டார்.

கண்டக்டருக்கு முகம் செத்துவிட்டது. "என்னண்ணே சொன்னேன்?"

"கோட்டத் தாண்டாம அவனுக்குப் பந்தே போடத் தெரியாதுன்ன. உண்டா இல்லையா?"

"வெளையாட்டுக்குச் சொன்னதுண்ணே அது..."

"இந்த வருசம் ஏன் சொல்ல மாட்டேங்குற? செத்துட்டா கோட்டுக்குள்ள வந்துட்டானா?"

கம்பை இறக்கித் தரையில் ஊன்றினார். அவரே தொடர்ந்தார். "மூணு மாசமா எல்லாரும் அவனப் பத்தி நல்லதாவே பேசுறாக. தங்கம்ங்காக, சிங்கம்ங்காக. கேக்கக் கேக்க யாரோ ஒருத்தன் மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போனா அவன் மொகமே மறந்து போவுது எனக்கு. அவன எப்பவும் பேசுற மாதிரி ஒரு தடவ பேசுங்கப்பா."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நோ பாலுதான்," என்றார் மெதுவாக. "இந்த சீசன்லயும் நோ பாலு போட்டான். அவன் போட்ட நோ பாலுலயே ஒரு ஆட்டம் போச்சு."

"அதச் சொல்லு!" என்றார் ஆட்டுக்காரர்.

"வைடு குடுத்தா என்கிட்ட சண்டைக்கு வருவான்," என்றேன் நான். "இந்தக் கண்ண வச்சுக்கிட்டு லோடு வண்டி ஓட்டுறீகளே, ரோட்டுல போறவன் கதி என்னண்ணேன்னு கேப்பான்."

"காட்சு?" என்றார் சூளைக்காரர், தன்னை மறந்து. "கலுங்குப் பக்கம் நின்னுக்கிட்டுப் போனையே நோண்டிக்கிட்டு இருப்பான். ஒரு நாளு பந்து வந்து மண்டையில விழுந்துச்சே! விழுந்த பெறகு, யாருலே எறிஞ்சதுன்னு கேக்கான்!"

ஆட்டுக்காரர் சிரித்தார். துண்டால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தப் பையன் செத்த பிறகு அந்தக் கண்மாயில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். பிள்ளைகளே, அந்த நேரம் அவன் எங்கள் பக்கத்தில், முதுகுக்குப் பின்னால், "போதும்ண்ணே, மானத்த வாங்காதீக" என்று சொல்லிக்கொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். கருவேல முள்ளுதான் ஆடிக்கொண்டிருந்தது.

ஆட்டுக்காரர் கரையைப் பார்த்து, "ஏலே, இங்க வா," என்றார். இடதுகைக்காரன் இறங்கி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"ஏன் ஓடல?"

"அங்க... ஆளு இல்லப்பா."

"ஆளு இல்லாத எடத்துல அடிச்சுட்டுத்தான ஓடணும்? ஆடத் தெரியாதா ஒனக்கு?"

அவன் கலுங்குப் பக்கம் ஒருமுறை பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான்.

"அவன் நின்ன வரைக்கும் ஒன்ன அந்தப் பக்கம் ஒரு ரன்னு எடுக்க விட்டதில்ல. நெசந்தான். இப்ப அவன் இல்லடா. அடி, ஓடு. நீ ஓடாம நின்னா நானும் அங்கதான் பாத்துக்கிட்டு நிக்கணும்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "அடுத்த சீசன்ல அந்த எடத்துல ஆளப் போடுங்கப்பா. கரையில இருந்து பாத்தா அந்த எடம் மட்டும் என்னையவே பாக்குது. தாங்க முடியல."

சூளைக்காரர் கப்பை நடுவில் இழுத்து வைத்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க. யாருக்கு?"

"நான் சொன்னா அது நாயமா? நீங்க மூணு பேருதான சொல்லணும். ஆனா ஒண்ணு. நோ பாலு போட்டே ஆட்டத்தத் தோக்கடிச்சவனுக்குக் குடுத்தா, மத்த ஊர்க்காரன் சிரிப்பான்."

கண்டக்டர் கை வைத்தார். "இடதுகைக்கு," என்றார். அவர் கை மேல் சூளைக்காரர் கை. அதன் மேல் என் கை. என் விரல் நுனியில் பட்ட பித்தளை சில்லென்று இருந்தது நினைவிருக்கிறது.

இடதுகைக்காரன் கப்பை வாங்கிக்கொண்டான். வண்டியில் ஏறி, அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிக்கரை உதைத்தான். ஆட்டுக்காரர் கிட்டே போய், "தூக்கம் வந்தா நிறுத்திரு," என்றார். "வீடு போய்ச் சேந்ததும் எனக்கு ஒரு போனு போடு."

அப்புறம் அவன் அந்தக் கண்மாயில் ஆடவில்லை. திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். கண்மாய் வற்றுகிற மாசத்தில் எனக்குப் போன் போடுவான். வேறொன்றும் கேட்க மாட்டான். "அண்ணே, கலுங்குப் பக்கம் ஆளு நிக்கிதா?" என்பான். நிற்கிறது என்பேன். அது உண்மைதான். அடுத்த சீசனிலிருந்தே ஆள் போட்டுவிட்டார்கள். ஆனால் எண்ணும்போது சில நாள் எனக்குப் பன்னிரண்டு வருகிறது. அதை நான் அவனிடம் சொல்வதில்லை.

மகளே, உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். நன்றாகச் சண்டை போடுங்கள். பாதியில் போனவன் என்பதற்காக அவன் குறையைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கப்பு கொடுத்த அன்று சாயங்காலம் சூளைக்காரரும் கண்டக்டரும் கிளம்பிப் போனார்கள். ஆட்டுக்காரர் மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்டம்புகளைக் கட்டி வண்டியில் போடுகிற சாக்கில் நின்றுகொண்டே இருந்தேன். போன் அடித்தது. "ம்... ம்... சரி, சாப்பிடு," என்றார். எழுந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் போய்விட்டார்.

தூறல் ஆரம்பித்திருந்தது. நான் கண்மாய்க்குள் இறங்கிக் கலுங்குப் பக்கம் நடந்தேன். அந்த வெடிப்பைத் தேடிக் கண்டுபிடித்தேன். முழங்கால் வலியோடு குத்த வைத்து, உள்ளே கையை விட்டேன். முழங்கை வரைக்கும் போனது. விரலில் பந்து தட்டுப்பட்டது, இன்னும் காய்ந்துதான் இருந்தது. எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. தண்ணீர் வந்தால் கரிசல் ஊறி வெடிப்பு தானாக மூடிக்கொள்ளும். எழுந்தேன். யாருமில்லாத ஆட்டக்களத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, ரெண்டு கையையும் மேலே தூக்கினேன்.